வெள்ளிக்கிழமை மட்டும் நெட் வராத கம்ப்யூட்டர்

"தம்பி, வெள்ளிக்கிழமை ஆனா நெட் வர மாட்டேங்குது" என்று ஜெராக்ஸ் கடை அக்கா சொன்னபோது சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கு மூன்று வாரமும் 750 ரூபாயும் தண்டம் கட்டினேன்.

கடை மயிலாப்பூரில், கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து நாலு கட்டடம் தள்ளி. பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் ஆளுயர ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், லேமினேஷன் மெஷின், மீதி இடம் முழுக்கக் காகிதக் கட்டு. முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் அக்காவுடையது. ஆன்லைன் விண்ணப்பம், கரண்ட் பில், டிக்கெட் எல்லாம் அதில்தான். பின்னால் இருப்பதில் டைப்பிங் வேலை நடக்கும். ஜெராக்ஸ் மெஷினில் ஸ்கேன் செய்தால் அது லேன் (கடைக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலை) வழியாக அக்கா கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போய் விழும். இந்த ஸ்கேன் விஷயம் பின்னால் என் காலை வாரியது.

எனக்கு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை. ஆவணி மாதக் கடைசியில் ஒரு வெள்ளியன்று பதினோரு மணிக்குக் கடைப் பையன் வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, அக்கா கூப்பிட்டாங்க. நெட்டு போச்சு. குரூப் 4 அப்ளை பண்ண ஆறு பேரு நிக்கிறாங்க."

போய்ப் பார்த்தேன். பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரில் நெட் ஓடுகிறது. அக்காவுடையதில் மட்டும் மூலையில் உலக உருண்டை, 'அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க்'. சிபியுவின் பின்னால் லேன் போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது, மஞ்சள் விளக்கும் மினுக்குகிறது. அதாவது மின்சார அளவில் இணைப்பு இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் அடித்தேன். நெட்வொர்க்கில் அந்த மெஷினின் முகவரியை, அதாவது ஐபி எண்ணைக் காட்டும் கட்டளை அது. 169.254 என்று தொடங்கும் முகவரி.

தனக்கென ஒரு முகவரி கிடைக்காத மெஷின் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டால் இந்த வரிசையில்தான் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இது உண்டு. 2005-இல் ஆர்எஃப்சி என்ற இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 3927 என்று முறையான விதியாகவும் எழுதிவைத்தார்கள். வீட்டுக்குப் போக வழி தெரியாதவன் திண்ணையில் படுத்துக்கொள்கிற மாதிரி. அந்த முகவரியை வைத்துக்கொண்டு ரவுட்டரைத் தாண்ட முடியாது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் எவனும் இதைப் பார்த்த மாத்திரத்தில் 'ரவுட்டர்கிட்டேருந்து டிஹெச்சிபி வரலை', அதாவது ரவுட்டர் தானாகக் கொடுக்க வேண்டிய முகவரி வந்து சேரவில்லை என்று முடிவு கட்டுவான். நானும் கட்டினேன். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவே இருக்கும்.

ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தேன். ஒன்றும் இல்லை. எல்லா லேன் கேபிளும் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். இல்லை. பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரின் கேபிளை உருவி இதில் செருகினேன். அப்போதும் இல்லை. அதே கேபிள் அந்தப் பக்கம் போனால் வேலை செய்கிறது. அத்தோடு கேபிளை விட்டிருக்க வேண்டும். ஆனால் பழைய கேபிளின் முனையைப் பார்த்தபோது எட்டு பின்னில் இரண்டில் லேசாகப் பச்சை பூத்திருந்தது. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் எல்லா இணைப்பும் இப்படித்தான் ஆகும், இந்த ஊரில் இது புதிதில்லை. வீட்டுக்குப் போய் கிரிம்பிங் டூல் கொண்டுவந்து, முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று அடுக்கிப் புது முனை அடித்தேன். இரண்டு பக்கமும். ரொம்ப நேர்த்தியாக வந்தது. நெட் வரவில்லை.

அதற்குள் அக்கா தன் போனை யுஎஸ்பி ஒயரில் மாட்டி மொபைல் நெட்டில் வேலையை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். "ஆடி மாசத்துலேர்ந்து வெள்ளிக்கிழமைக்கு இப்படித்தான் ஓட்டுறேன் தம்பி. கண்ணு பட்டிருக்கு." சிபியு தலையில் ஒரு எலுமிச்சம்பழமும் மூன்று பச்சை மிளகாயும் நூலில் தொங்கியதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை, நான் கையே வைக்காமல் நெட் வந்துவிட்டது. பழுது பார்ப்பவனுக்கு 'தானா சரியாயிடுச்சு' என்பதைவிட மோசமான செய்தி கிடையாது. எது கெட்டது என்றும் தெரியாது, எது சரியானது என்றும் தெரியாது. மதர்போர்டில் இருக்கும் லேன் சிப் சூட்டில் மக்கர் பண்ணுகிறது என்று எனக்கு நானே ஒரு கதை கட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி நடந்தால் பக்கம்தான். யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று, பேரம் பேசி 750.

அடுத்த வெள்ளி எதிர்பார்த்தபடியே நெட் போனது. அடாப்டரைச் செருகி, கேபிளை அதில் மாட்டினேன். பத்து நொடியில் நெட். அக்கா கை எடுத்துக் கும்பிட்டார். பையனை அனுப்பி எனக்கு ஃபில்டர் காபி வாங்கிவரச் சொன்னார். "உள்ளே இருக்கிற லேன் போர்ட் செத்துப்போச்சு அக்கா. இனிமே இதுலயே ஓட்டுங்க" என்று மருத்துவர் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது வெள்ளி. புரட்டாசி பிறந்துவிட்டது. வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போட்டாகிவிட்டன. பையன் வந்து கதவைத் தட்டினான். நான் கேட்கவே இல்லை, அவனும் சொல்லவே இல்லை.

அடாப்டரில் விளக்கு எரிகிறது. ஐபிகான்ஃபிக் அடித்தால் மறுபடி 169.254. முதலில் அடாப்டர் விற்றவனைத்தான் மனதுக்குள் திட்டினேன். அப்புறம் ஒரு சந்தேகம். ஒரு போர்ட் வெள்ளிக்கிழமை சாகலாம். இரண்டு போர்ட்டும் வெள்ளிக்கிழமை பார்த்துச் சாகுமா?

"நடுவுல யாராவது இதுல கை வச்சாங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் வைக்கலண்ணா. ஜெராக்ஸ் மெஷின் சர்வீஸ்காரர் மட்டும் திங்கக்கிழமை வந்தாரு. நீங்க அந்த யுஎஸ்பி போட்டதுலேர்ந்து ஸ்கேன் வரல. அவர் ஏதோ நம்பர் போட்டுக் கொடுத்துட்டுப் போனாரு."

அடாப்டரின் செட்டிங்கைத் திறந்தேன். 'தானாக முகவரி பெறு' என்பது இல்லை. கையால் நிலையாகப் போட்டிருந்த எண்: 192.168.1.10. பழைய லேன் போர்ட்டின் செட்டிங்கிலும் அதேதான், எவ்வளவு காலமாகவோ. ஜெராக்ஸ் மெஷினின் முகவரிப் பட்டியலில் ஸ்கேனை அனுப்ப வேண்டிய இடம் 192.168.1.10 என்று எழுதியிருக்கிறது. அது மாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக யாரோ நிலையாகப் போட்டுவைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நான் மூன்று வாரமாக 'ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை' என்று தேடிக்கொண்டிருந்தேனே, இந்த மெஷின் ரவுட்டரிடம் முகவரி கேட்டதே இல்லை!

அப்படியென்றால் கையில் நிலையான எண் வைத்திருக்கும் மெஷின் ஏன் திண்ணையில் போய்ப் படுக்கிறது?

கேபிளைப் பிடுங்கினேன். சும்மா உறுதி செய்துகொள்ளப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் பிங் 192.168.1.10 அடித்தேன். அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டுப் பார்க்கும் கட்டளை. இப்போது பதில் வரக் கூடாது.

பதில் வந்தது. நாலுக்கு நாலு. ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில்.

கையைப் பார்த்தேன். கேபிள் என் கையில்தான் இருக்கிறது. முனை காற்றில் ஆடுகிறது. அந்த முகவரியிலிருந்து யாரோ 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா எலுமிச்சம்பழம் கட்டியது தப்பே இல்லை என்று ஒரு நொடி தோன்றியது.

பதில் வரியின் கடைசியில் டிடிஎல் 64 என்று இருந்தது. விண்டோஸ் மெஷின் பதில் சொன்னால் வழக்கமாக இங்கே 128 வரும். 64 என்றால் பெரும்பாலும் லினக்ஸ் ஓடும் சாமான்: ரவுட்டர், போன், கேமராப் பெட்டி இப்படி ஏதாவது. ஆக, அக்காவின் எண்ணை வைத்துக்கொண்டு இந்தக் கடைக்குள் விண்டோஸ் அல்லாத ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து ஏஆர்பி மைனஸ் ஏ. ஒரு ஐபிக்குப் பின்னால் இருக்கும் கருவியின் மேக் முகவரியை இது காட்டும். ஆறு ஜோடி எழுத்து. முதல் மூன்று ஜோடி தயாரித்த கம்பெனியைச் சொல்லும். போனில் தேடினால் கண்காணிப்புக் கேமரா செய்யும் கம்பெனி என்று வந்தது. அது போதும்தான். இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிங்கை மைனஸ் டி போட்டு நிற்காமல் ஓடவிட்டேன். பையனைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, சுவிட்ச் பெட்டியிலிருந்து கேபிள்களை ஒன்றொன்றாகப் பிடுங்கிச் செருகினேன்.

"வருதா?"

"வருதுண்ணா."

"இப்போ?"

"வருதுண்ணா."

மூன்றாவது கேபிளைப் பிடுங்கினேன்.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சுண்ணா!"

அந்தக் கேபிள் போய்ச் சேர்ந்த இடம் பரண். அங்கே காகிதக் கட்டுக்குப் பின்னால் கேமரா படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி, தூசியோடு.

அக்கா அப்போதுதான் சொன்னார். ஆடி மாதம் ஒரு வாடிக்கையாளர் 500 ரூபாய் கொடுத்தேன் என்றும், இவர் 100தான் கொடுத்தீர்கள் என்றும் தகராறு. அதற்காகவே கல்லாவைப் பார்த்து ஒரு கேமரா, வாசலைப் பார்த்து ஒன்று. மாட்ட வந்தவர் டிவிஆருக்கு 192.168.1.10 போட்டிருக்கிறார். பின்னால் அவருக்கு போன் செய்தபோது "நாங்க எல்லா சைட்லயும் பத்துதான் சார் போடுவோம்" என்றார். பத்து என்றால் ரவுண்டு நம்பர், நினைவில் நிற்கும். அதனால்தான் முன்பு வந்தவரும் பத்தையே பிடித்திருக்கிறார்.

இதற்குப் பிறகு ஐபிகான்ஃபிக்கோடு 'ஆல்' சேர்த்து அடித்துப் பார்த்தேன். 192.168.1.10 என்ற வரி அங்கே இருந்தது. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'டூப்ளிகேட்'. அதற்கு மேலே 169.254 முகவரி. முதல் வெள்ளியன்று நாலு எழுத்து கூடுதலாகத் தட்டியிருந்தால் பதினோரு மணிக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்கு முடித்திருக்கலாம்.

நடப்பது இதுதான். விண்டோஸ் ஒரு முகவரியில் குடியேறும் முன் லேனில் குரல் கொடுக்கும்: 'இந்த எண்ணில் யாராவது இருக்கீங்களா?' இதை ஏஆர்பி ப்ரோப் என்பார்கள். ஆர்எஃப்சி 5227-இல் எழுதியிருக்கிறது. பதில் வந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு 169.254-க்குப் போய்விடும். பதில் வராவிட்டால் குடியேறிவிடும். அப்புறம் வருகிறவனிடம் 'இது என் இடம்' என்று சொல்லும். முன்னால் வந்தவனுக்குத்தான் இடம். பஸ்ஸில் துண்டு போடுகிற கதை.

சரி, வெள்ளிக்கிழமை?

அக்கா ராத்திரி கடை அடைக்கும்போது மெயினையே ஆஃப் செய்துவிட்டுத்தான் போவார். கடை முழுக்கக் காகிதம், ஒயரில் பொறி பறந்தால் என்ன ஆவது என்ற பயம். ராத்திரி தூங்குகிற கேமராவால் என்ன பயன் என்று கேட்டேன். "சண்டை பகல்லதானே தம்பி வருது" என்றார். நான் தோற்றுப்போனேன். ஆக, தினமும் காலையில் எல்லாமே புதிதாக எழுந்திருக்கின்றன. மற்ற நாட்களில் அக்காவே கடை திறப்பார். மெயினைப் போட்ட கையோடு சிபியு பட்டனை அழுத்திவிட்டுத்தான் விளக்கேற்றுவார். எஸ்எஸ்டி போட்ட மெஷின். எழுந்து வர முப்பது, நாற்பது நொடி. டிவிஆர் எழ இரண்டு நிமிடம் பிடிக்கிறது. துண்டு போடுவது கம்ப்யூட்டர்.

வெள்ளிக்கிழமை அக்கா முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போவார். கடையைத் திறப்பது பையன். மெயினைப் போட்டுப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, ஜெராக்ஸ் எடுக்க ஆரம்பிப்பான். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் அதைத் தொடமாட்டான். அரைமணி கழித்து அக்கா வந்து பட்டனை அழுத்தும்போது டிவிஆர் பத்தாம் நம்பரில் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

இந்தக் கணக்கு எனக்கே கொஞ்சம் அழகாகப் பட்டதால் நம்பவில்லை. பாஸ்வேர்டை கேமராக்காரரிடம் கேட்டு வாங்கி (வாங்க இரண்டு மணி நேரம் ஆனது, அது தனிக் கதை) டிவிஆர் தானே எழுதிவைக்கும் பதிவேட்டை, அதாவது லாகைத் திறந்தேன். 'ஐபி கான்ஃப்ளிக்ட்' என்று வரிசையாகப் பதிவுகள். தேதிகளைக் காலண்டரோடு ஒப்பிட்டோம். திங்கள் இருக்கிறது, செவ்வாய் இருக்கிறது, புதன், வியாழன், சனி எல்லாம் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமைகூட இல்லை. கம்ப்யூட்டருக்கு நெட் இல்லாத நாளில் டிவிஆருக்கு இருந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இருந்த நாட்களில் டிவிஆர் அனாதையாகக் கிடந்திருக்கிறது.

"அதான்!" என்றார் அக்கா. "கோயில்ல க்யூல நிக்கும்போது போன்ல பாத்தா கேமரா ஜோரா வரும். மத்த நாள் மத்தியானம் சாப்பிடப் போனா வீட்டுலேர்ந்து வரவே வராது. நான் வீட்டு நெட்டு சரியில்லன்னு நெனச்சேன்."

முதல் நாளே அவர் இதைச் சொல்லியிருப்பார். நான்தான் வேறு எதுவும் கேட்காமல் முனை அடிக்கக் கிளம்பிவிட்டேன்.

சரிசெய்தது கால் மணி நேர வேலை. டிவிஆரை 192.168.1.20-க்கு மாற்றினேன். ரவுட்டர் தானாக முகவரி விநியோகிக்கும் எல்லையை 100 முதல் 199 வரை என்று சுருக்கினேன். முன்பு 2-இல் ஆரம்பித்து 254 வரை போனது. அப்படி விட்டிருந்தால் என்றாவது ஒருநாள் வாடிக்கையாளர் போனுக்கு ரவுட்டரே பத்தையோ இருபதையோ தூக்கிக் கொடுத்துப் புதுச் சண்டை கிளப்பியிருக்கும். அக்கா கம்ப்யூட்டருக்கு 10, ஜெராக்ஸ் மெஷினுக்கு 11. கேபிளைப் பழையபடி மதர்போர்டு போர்ட்டிலேயே மாட்டினேன். அது சாகவே இல்லை. அதிலும் 10 ஏற்கெனவே இருந்ததால் ஸ்கேனும் ஒழுங்காக வந்து விழுந்தது. யுஎஸ்பி அடாப்டரில் போட்டிருந்த எண்ணை எடுத்துவிட்டு என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அக்கா காசு கொடுக்க வந்தார். வாங்கிக்கொள்ள எந்த மூஞ்சியோடு கை நீட்டுவது?

எந்த எண் யாருக்கு என்று ஏ4 தாளில் பெரிதாக எழுதி, லேமினேஷன் போட்டு, சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினோம். லேமினேஷன் கடையிலேயே இருப்பதில் இது ஒரு வசதி. அடியில் 'புதுசா எது மாட்டினாலும் 21-லேர்ந்து போடவும், 10 வேண்டாம்' என்று எழுதினேன். அக்கா அதன் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்தார்.

நாலாவது வெள்ளி நானே காலையில் போய் நின்றேன். அக்கா வழக்கம்போல் கோயிலுக்குப் போகட்டும், பையன் வழக்கம்போல் திறக்கட்டும், யாரும் எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மெயினைப் போட்டான். பெருக்கினான். டிவிஆர் பரணில் பீப் என்றது. அரைமணி கழித்து அக்கா பிரசாதத்தோடு வந்து பட்டனை அழுத்தினார். ஐபிகான்ஃபிக், ஆல் சேர்த்து: 192.168.1.10, டூப்ளிகேட் இல்லை. வெளியே கூகுளின் 8.8.8.8-க்குப் பிங் போகிறது. ஒரு ஆதார் அட்டையை ஸ்கேன் போட்டோம், ஃபோல்டரில் வந்து விழுந்தது. அக்காவின் போனில் கேமராவும் வருகிறது, கல்லா பளிச்சென்று தெரிகிறது.

பையன் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, அப்போ இனிமே தினமும் மத்தியானம் அக்கா வீட்டுலேர்ந்து என்னைப் பாக்கலாமா?"

"ஆமாம்டா."

"ஏண்ணா சரி பண்ணீங்க?"